பாடுகளும் பக்குவமும்: பனியனின் யாத்திரையும் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும்

துன்பம் மனிதனை உயர்த்துகின்றது என்பது கிறித்தவ வாழ்வியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகும். நெருக்கடியிலிருந்து பொறுமை, பொறுமையிலிருந்து உரம்பெற்ற குணம், அக்குணத்திலிருந்து நம்பிக்கை எனப் படிமுறையானதோர் ஆன்மிக வளர்ச்சியைப் பவுல் அடிகளார் உரோமருக்கு எழுதிய நிருபத்திற் காட்டுவார். தீயிலிட்ட பொன் துலங்குவதுபோலச் சோதனையிற்பட்ட உள்ளம் துலங்கும் என்னும் உவமை பேதுருவின் பெயரால் வழங்கும் நிருபத்தில் உண்டு. இவ்வுவமை தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளிலே தவம் பற்றிய அதிகாரத்திலும் பொன்னும் தீயும் இதே பொருளில் இணைகின்றன.

இக்கருத்தை இலக்கியத்திற் காணும்போது நம்மிடையே இருவகை அணுகுமுறைகள் நிலவுவதை அவதானிக்கலாம். பக்திநோக்குடையோர் அதனைக் காலங்கடந்த உண்மையாகக் கொண்டு, நூலாசிரியரின் அருளனுபவத்தை வியந்து அமைவர். முற்போக்காளருட் சிலரோ, துன்பத்தைப் போற்றும் கருத்தெல்லாம் உழைப்பவனைப் பணியவைப்பதற்குச் சுரண்டும் வர்க்கம் புனைந்த போதையென ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுவர். ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய விமரிசனத்திற்கு மார்க்ஸ் எழுதி 1844இல் வெளியிட்ட முன்னுரையில் அபின் என்ற சொல்லை மட்டும் இவர்கள் நினைவில் வைத்துள்ளனர். அதே பந்தியில், மதத்தில் வெளிப்படும் துயரம் உண்மையான துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கு எதிரான ஆட்சேபமாகவும் ஒருங்கே அமைகின்றது என அவர் கூறியதை மறந்துவிடுகின்றனர். ஒரு குறிப்பிட்ட நூலிலே வெளிப்பாடு எவ்வளவு, ஆட்சேபம் எவ்வளவு, ஆட்சேபம் எங்கே எதனால் அடங்கிப்போகின்றது என்று ஆராய்வதே மார்க்சிய விமரிசகனின் கடமையாகும்.

இதற்குத் தக்க சான்றாக ஒரே கதையின் இரு வடிவங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒன்று, ஜோன் பனியன் 1678இல் வெளியிட்டதும் தமிழ் வாசகர் ‘மோட்சப் பிரயாணம்’ என அறிந்துள்ளதுமான ஆங்கில உரைநடை நூல். மற்றையது, அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றி 1894இல் நூலுருப்பெற்ற ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் தமிழ்க் காப்பியம். பாவச்சுமையுடன் அழிவின் நகரத்தை விட்டோடும் ஒருவன், சோதனைகள் பலவற்றைக் கடந்து, பக்குவமடைந்து, பேரின்ப நகரத்தை அடைகிறான் என்பதே இரண்டிற்கும் பொதுவான கதைப்போக்கு. கதை ஒன்றாயினும் சோதனை ஒன்றன்று என்பதே இக்கட்டுரையின் எடுகோளாகும்.

1

ஆய்வுக்குட் புகுமுன் ஒரு சொல்லைக் கவனித்தல் பயனுடையது. இயேசு அடைந்த துன்பங்களைத் தமிழ்க் கிறித்தவர் ‘பாடுகள்’ என்பர். அதே ‘பாடு’ என்னும் சொல், வயலிலும் கடலிலும் உடல்வருந்தி உழைப்பதையும் குறிக்கும். பாடுபடுபவன் என்றால் துன்புறுபவன் என்றும் பொருள், உழைப்பவன் என்றும் பொருள். இச்சொல்லின் அடியாகவே ‘பாட்டாளி’ என்ற கலைச்சொல்லும் பிறந்தது. துன்பமும் உழைப்பும் வேறல்ல என்பதை உழைக்கும் மக்களின் மொழி முன்னரே அறிந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. ஒரு கிறித்தவ இலக்கியம் பாடு என்னும் சொல்லின் இவ்விரு பொருளையும் இணைத்து நிற்கின்றதா, அல்லது ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துவிடுகின்றதா என்ற வினா, அதன் கருத்துநிலையை இனங்காண்பதற்கு உதவும்.

2

பனியன் 1628இல் பெட்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்ரோ கிராமத்திற் பிறந்தவர். ஓட்டை உடைசல் பாத்திரங்களை ஊரூராகச் சென்று ஒட்டிக்கொடுப்பது அவரது தொழில். உள்நாட்டுப் போரில் மன்னனுக்கெதிராகப் பாராளுமன்றம் திரட்டிய படையிற் சேவைசெய்தவர். முடியாட்சி மீண்டபின், 1660 நவம்பரில், அரச திருச்சபையின் அனுமதியின்றிக் கூட்டங்கூடிப் பிரசங்கித்தார் என்ற குற்றச்சாட்டிற் கைதுசெய்யப்பட்டார். இனிப் பிரசங்கிக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை கூறியிருப்பின் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அவ்வார்த்தையைக் கூற மறுத்ததனால் 1672 வரை பெட்போர்ட் சிறையிற் கிடந்தார். சிறையிலிருந்தவாறே காலணிகளுக்கான நாடாக்கள் செய்து, பார்வையற்ற மகள் உள்ளிட்ட குடும்பத்தைக் காக்க முயன்றார். 1661இல் அவர் மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன் சென்று கணவனுக்காக வழக்குரைத்தபோது, அவர் பாத்திரம் ஒட்டுபவரும் ஏழையுமாக இருப்பதாலேயே இழிவுபடுத்தப்படுகிறார், நீதி பெற முடியாதிருக்கிறார் என அவர்கள் முகத்துக்கு நேரே கூறினார். பனியனே எழுதிவைத்த குறிப்புகளால் இது நமக்குத் தெரியவருகின்றது.

எலிசபெத்தின் அக்கூற்றே பனியனின் நூலுக்குத் திறவுகோலாகும். இங்கே சோதனை வானத்திலிருந்து இறங்கவில்லை; நீதிமன்றத்திலிருந்து வருகிறது. மாயச் சந்தை என்னும் பகுதியைப் பார்க்கலாம். (பனியனின் பாத்திரப் பெயர்களை இங்குத் தமிழாக்கித் தருகிறோம்.) வீடும் நிலமும் பட்டமும் பதவியும் மட்டுமன்றி, வேலையாட்களும் உயிரும் ஆன்மாவும் அங்கு விற்பனைக்குள்ளன. அனைத்தும் பண்டமாகிவிட்ட ஒரு சமூகத்தின் சித்திரத்தை, முதலாளித்துவம் தன் முழு உருவத்தை அடையுமுன்பே, ஒரு கைவினைஞன் தீட்டிவிட்டான். அச்சந்தையிலே எதனையும் வாங்க மறுத்ததே யாத்திரிகர் இருவரும் செய்த குற்றம். கிறிஸ்தியானின் தோழனாகிய உண்மையன் விசாரிக்கப்படுகிறான். நீதிபதியின் பெயர் நன்மைப்பகைவன் பிரபு. சாட்சிகள் பொறாமையும் மூடநம்பிக்கையும் முகத்துதிக்காரனும். உண்மையன் அவமதித்ததாகக் கூறப்படும் பெரியோர் யாவரும் பிரபு, சீமான் என்ற பட்டங்களைச் சுமந்தவர்கள். அவர்களுள் பேராசைச் சீமானும் ஒருவன். உண்மையன் தீயிலிட்டுக் கொல்லப்படுகிறான். பொன்னைப் புடமிடும் தீ என்ற பழைய உவமை இங்கு நேர்ப்பொருளிலேயே வந்துவிடுகின்றது. ஆனால் அத்தீயை மூட்டியவர் யார் என்பதில் வாசகனுக்கு எவ்வித மயக்கமுமில்லை.

சந்தேகக் கோட்டை நிகழ்ச்சியும் அத்தகையதே. அவநம்பிக்கை என்னும் அரக்கன் யாத்திரிகரைச் சிறைப்பிடிப்பதற்குக் கூறும் காரணம், அவர்கள் தன் நிலத்தில் அத்துமீறிப் புகுந்து படுத்துறங்கினார்கள் என்பது. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உடையோர் கைக்கு மாறிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், அரக்கன் ஒரு நிலவுடைமையாளனாக வருவது தற்செயலானதன்று. மனச்சோர்வு என்னும் அகநிலைச் சோதனைக்குங்கூடப் பனியனின் கற்பனை ஒரு வர்க்க முகத்தைத் தந்துவிடுகின்றது. சுயநலன் என்ற பாத்திரமோ, ஒருபுறம் பார்த்துக்கொண்டு மறுபுறம் துடுப்பு வலித்த ஓடக்காரனின் பூட்டப்பிள்ளை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிரே ஒருபோதும் செல்லாதவன். சோதனையைத் தவிர்க்கத்தக்க வசதி யாரிடம் உள்ளது என்பதை இவனைக்கொண்டு ஆசிரியர் காட்டுகிறார்.

ஆகவே பனியனிடத்தில் சோதனை மூலம் வளர்தல் என்பது பணிதலாக அமையவில்லை. பணிய மறுத்தலாகவே அமைகின்றது. பொறுமை என்பது அடியை வாங்கிக்கொள்ளும் குணமன்று. கேட்கும் வார்த்தையைக் கொடாதிருக்கும் உறுதி. இங்கிலாந்தின் தொழிலாளர் வர்க்கம் உருவான வரலாற்றை 1963இல் எழுதிய ஈ. பி. தொம்சன், தோமஸ் பெயினின் ‘மனிதனின் உரிமைகள்’ என்ற நூலுடன் பனியனின் இந்நூலையும் அவ்வர்க்க இயக்கத்தின் மூலநூல்கள் இரண்டெனக் கொண்டமைக்குக் காரணம் இதுவே.

எனினும் முதற்பாகத்தின் குறைபாட்டை மறைத்தலாகாது. கிறிஸ்தியான் காதுகளைப் பொத்திக்கொண்டு, மனைவி மக்களை விட்டுவிட்டுத் தனியே ஓடுகிறான். அழிவின் நகரம் அவன் பின்னே அப்படியே கிடக்கின்றது. அதனை மாற்றவேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு எழவில்லை. மீட்சி தனிமனிதனின் மீட்சியாகவே நிற்கிறது. முடியாட்சி மீண்டபின் எழுந்த நூலொன்றில் இது வியப்புக்குரியதன்று: வெளியுலகை மாற்றும் முயற்சி முறியடிக்கப்பட்ட நிலையிலே, தீவிரவாத எண்ணம் உள்ளத்தினுட் புகலிடம் தேடிக்கொண்டது. ஆனால் 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் மனைவி கிறிஸ்தியானாள் பிள்ளைகளோடும் ஓர் அயற்பெண்ணோடும் அதே வழியிற் புறப்படுகிறாள். வழியில் ஊன்றுகோலுடன் நடப்பவனும் மனவலிமை குன்றியவனும் சேர்ந்துகொள்கின்றனர். வலியவர் மெலியவரின் நடைக்கேற்பத் தம் நடையைக் குறைத்துக்கொள்கின்றனர். முதற்பாகத்திலே கிறிஸ்தியான் தன் மார்பில் இருந்த வாக்குறுதி என்னும் சாவியாற் கதவைத் திறந்து தப்பினான். அரக்கனும் கோட்டையும் எஞ்சியிருந்தன. இரண்டாம் பாகத்திலோ வழித்துணைவன் பெருநெஞ்சனின் தலைமையிற் சென்றோர் அரக்கனைக் கொன்று கோட்டையையே தகர்க்கின்றனர். உள்ளே அடைபட்டிருந்தோரை வெளியே கொணர்கின்றனர். தப்பிப் பிழைத்தலுக்கும் சிறையைத் தகர்த்தலுக்கும் இடையிலான தூரமே தனிமனிதனுக்கும் கூட்டுக்கும் இடையிலான தூரம். சோதனையால் வரும் வளர்ச்சி பனியனிடத்திலேயே ஒரு படி மேற்சென்றது என்பதற்கு இது சான்றாகும்.

3

இனிக் கிருஷ்ணபிள்ளையை நோக்குவோம். அவர் 1827இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பிலே வைணவ வேளாளக் குடும்பத்திற் பிறந்தார். மரபுவழித் தமிழ்க் கல்வியில், குறிப்பாகக் கம்பனில், ஆழ்ந்த பயிற்சி பெற்றார். சாயர்புரத்து மிஷன் கல்விநிலையத்தில் தமிழ்ப் பண்டிதராகப் பணிபுரிந்த இவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். காப்பியம் ‘நற்போதகம்’ என்ற சமய மாத இதழிலே பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. இடையிடையே தேவாரம் என்ற பெயரால் இசைப்பாடல்கள் அமைந்துள்ளன.

அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டின் இறுதியில், திருநெல்வேலிக்கு மேற்கே திருவிதாங்கூரின் தென்பகுதியில் நடந்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டனர். 1858 டிசம்பரிலும் 1859 சனவரியிலும் கலகம் பரவியது. 1859 சூலையில் மன்னர் வெளியிட்ட ஆணை, நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்ததாயினும், உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தலாகாது என்ற தடையை விடாது வைத்துக்கொண்டது. திருநெல்வேலியிலும் பனையேறும் மக்களிலிருந்து வந்த கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்ட வரலாறு பழையது; அவர்களுக்குப் புகலிடமாகவே முதலூர் என்ற குடியேற்றம் 1799இல் உருவாயிற்று. மிஷன் சபைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் இம்மக்களே. பாடு என்னும் சொல்லின் இரு பொருளும் இவர்கள் முதுகிலேயே ஒன்றுசேர்ந்திருந்தன.

பண்டிதரின் பாடும் பனையேறியின் பாடும் ஒன்றல்ல. முன்னையது சாதியுறவும் குடும்பவுறவும் அறுபடும் துயர். அது மெய்யான துயரே. அதனை ஏளனஞ் செய்வது விமரிசனமாகாது. ஆனால் பின்னையது ஆடைக்கும் கூலிக்கும் உடலுக்கும் நேர்ந்த கொடுமை. இவற்றுள் எது காப்பியத்தின் மொழியைத் தீர்மானித்தது என்பதில் ஐயமில்லை. கம்பன் வழிவந்த விருத்தம், பருவப் பகுப்பு, படல அமைப்பு, பண்டித நடை யாவும் கதையின் தளத்தை மாற்றிவிடுகின்றன. பாத்திரம் ஒட்டுபவனின் பேச்சிலிருந்து பிறந்த கதை, அரங்கேற்றத்துக்குரிய காப்பியமாகிறது. தமிழ்க் காப்பிய மரபு தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுவது. அதனாற் போலும், பனியனில் இல்லாத விரிவோடு கிறிஸ்துவின் வரலாறு குமார பருவத்தில் இடம்பெறுகின்றது. ஏழை யாத்திரிகனின் சோதனைக்கு மேலாக இறைமகனின் பாடுகள் காப்பியத்தின் உணர்ச்சி உச்சத்தைப் பெறுகின்றன.

அவ்வுச்சத்திலேதான் நூலின் முரண்பாடும் வெளிப்படுகின்றது. குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்திலே, இயேசு கட்டுண்டு, இகழப்பட்டு, வாய் திறவாது நிற்கிறார். அதனைக் கண்டு நெஞ்சுடைந்த மக்களோ, இக்கொடுமைக்குப் பின்னும் நிலம் ஏன் பிளக்கவில்லை, வானம் ஏன் இடிந்து விழவில்லை, கடல் ஏன் வற்றவில்லை எனக் கதறுகின்றனர். ஒரே காட்சியில் இரு குரல்கள் உள்ளன. ஒன்று மௌனமாகத் தாங்கும் பொறுமை. மற்றொன்று உலகின் ஒழுங்கையே கேள்விக்குட்படுத்தும் கூக்குரல். மார்க்ஸ் குறிப்பிட்ட ஆட்சேபம் இங்கே, பக்திக் காப்பியத்தின் நடுவிலே, தெளிவாக ஒலிக்கின்றது. கவிஞன் என்ற வகையிற் கிருஷ்ணபிள்ளையின் ஆற்றல் மிக்குநிற்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அவ்வாட்சேபம் யாரை நோக்கியது? நிலத்தையும் வானையும் கடலையும் நோக்கியது. நியாயாசனத்தை நோக்கியதன்று. பனியனில் எலிசபெத் நீதிபதியை நேரே பார்த்துப் பேசினாள்; இங்கே மக்கள் இயற்கையைப் பார்த்துப் பேசுகின்றனர்.

இதனைக் கவிஞரின் தனிப்பட்ட கோழைத்தனமாகக் கொள்ளுதல் கொச்சைப்படுத்தலாகும். காரணம் அவர் நின்ற வரலாற்று நிலையிலுள்ளது. பனியனின் இங்கிலாந்தில் ஒடுக்கும் அரசும் சோதனைக்குள்ளான சபையும் எதிரெதிரே நின்றன. குடியேற்றவாத ஆட்சியிலிருந்த திருநெல்வேலியிலே நீதிபதியும் மிஷனரியும் ஒரே பேரரசின் நிழலில் வந்தவர்கள். மிஷன் இதழிலே தொடராக எழுதிய ஆசிரியர், நன்மைப்பகைவன் பிரபுவுக்கு உள்ளூர் முகம் ஒன்றைத் தந்திருப்பின், அம்முகம் ஒன்றில் ஆங்கிலேயனுடையதாகவோ அன்றேல் தம் சொந்தச் சாதியின் நிலவுடைமையாளனுடையதாகவோ இருந்திருக்கும். இரண்டும் அவருக்கு இயலாதவை. ஆகவே சோதனை தன் சமூக மூலத்தை இழந்து, ஆன்மாவுக்கும் மாயைக்கும் இடையிலான போராட்டமாக உட்திரும்பியது. தமிழ்ப் பக்தி மரபும் அதற்கேற்ற சொற்களை ஆயத்தமாக வைத்திருந்தது. பனியன் எழுதிய இரண்டாம் பாகத்தின் கூட்டுப் பயணம் காப்பியத்தின் ஆதாரமாகாமல், தனி யாத்திரிகனைக் கொண்ட முதற்பாகமே ஆதாரமாயிற்று என்பதும் இதனோடு வைத்தெண்ணத்தக்கது.

ஆயினும் தேவாரங்களை விலக்கிவிட்டு இந்நூலை மதிப்பிடுதல் நேர்மையன்று. விருத்தங்கள் கற்றோருக்குரியன. தேவாரங்களோ தன்னிரக்கமும் மன்றாட்டும் நிறைந்த எளிய வடிவங்கொண்டவை. நூலுக்கு வெளியே புறப்பட்டு, சீர்திருத்தத் திருச்சபையாரின் வழிபாட்டிற் பாடப்படுபவை. காப்பியத்தை வாசிக்கமுடியாத உழைப்பாளியும் அவற்றைப் பாடமுடிந்தது. பாடுவோர் எத்தகைய பாட்டை எண்ணிப் பாடினர் என்பதை ஆசிரியரின் வர்க்கநிலை முற்றாகத் தீர்மானிக்கவியலாது. இலக்கியத்தின் சமூகப் பயன், அதனைப் படைத்தவனோடு முடிந்துவிடுவதில்லை.

4

மேற்கூறிய ஒப்பீட்டிலிருந்து, சோதனையையும் பக்குவத்தையும் பேசும் எந்த இலக்கியத்திடமும் கேட்கத்தக்க மூன்று வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, சோதனை யாரிடமிருந்து வருகிறது, நூல் அவருக்குப் பெயர் சூட்டுகின்றதா? இரண்டாவது, துன்பத்திலிருந்து கற்கப்படுவது பணிவா, பணிய மறுக்கும் உறுதியா? மூன்றாவது, பக்குவமடைபவன் தனியே கரையேறுகிறானா, ஏனையோரையும் அழைத்துச் செல்கிறானா? இவற்றோடு, அக்கருத்தை யார் யாருக்குச் சொல்கிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும். சிறையிலிருப்பவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும்போது உரமாக இருக்கும் சொல், சிறைக்காவலனின் வாயில் வரும்போது விலங்காகிவிடும்.

இவ்வினாக்கள் கிறித்தவ இலக்கியத்துக்கு மட்டும் உரியனவல்ல. இரட்சணிய யாத்திரிகம் நூலுருப்பெற்ற அதே 1894இலேயே, ஆதிக் கிறித்தவத்துக்கும் நவீன தொழிலாளர் இயக்கத்துக்கும் உள்ள ஒப்புமைகளை எங்கெல்ஸ் விரிவாக எழுதத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோரின் இயக்கங்களாகத் தொடங்கி, துன்புறுத்தலிடையே வளர்ந்தவை இரண்டும் என்பது அவர் கருத்து. ஒப்புமை இருவழிப்பட்டது. கோர்க்கி 1906இல் எழுதிய ‘தாய்’ நாவலில் பக்தியுள்ள ஏழைப் பெண்ணொருத்தி மகனின் கைதுகளூடாக அரசியல் விழிப்புப் பெறும்போது, புடமிடப்படும் பொன் என்ற பழைய படிமம் புதிய உள்ளடக்கத்தோடு மீள்வதைக் காண்கிறோம். நமது முற்போக்குக் கதைகளிலோ, துன்பமே கதாபாத்திரத்தைத் தானாகப் பக்குவப்படுத்திவிடும் என்ற சூத்திரம் எத்தனையோ இடங்களில் ஆராயப்படாது நிற்கின்றது. பட்டினி கிடந்த தொழிலாளி கடைசிப் பக்கத்தில் விழிப்புற்றெழுவான். அவன் எப்படிக் கற்றான், யாரோடு சேர்ந்தான் என்பது சொல்லப்படாது. அவ்விடத்தில் நமது எழுத்தாளன் அறியாமலே கிருஷ்ணபிள்ளையின் பக்கம் நிற்கிறான். பனியனின் பக்கம் அல்ல.

துன்பம் தானாக எவரையும் உயர்த்துவதில்லை. பெரும்பாலும் அது மனிதனை உடைக்கவே செய்கின்றது. பனியன் இதனை அறிந்திருந்தார்; சந்தேகக் கோட்டையின் முற்றத்திலே, முன்பு அகப்பட்டு மாண்ட யாத்திரிகரின் எலும்புகளையும் மண்டையோடுகளையும் அவர் காட்டியுள்ளார். அவ்வெலும்புகளைப் பார்க்காமல் பொன்னின் துலக்கத்தை மட்டும் பாடுவோர், பக்தராயினும் முற்போக்காளராயினும், பாடுபட்டவருக்கு நியாயஞ் செய்தவராகார். துன்புறுவோர் தம் துன்பத்தின் காரணத்தை அறிந்து, ஒருவர்க்கொருவர் துணையாய் நின்று, அதனை எதிர்க்கும்போதே அது வளர்ச்சியாகின்றது. கிறித்தவ மரபு தன் சிறந்த கணங்களில் இவ்வுண்மையை எட்டியுள்ளது. அக்கணங்களை இனங்கண்டு உரியவர்களிடம் சேர்ப்பிப்பதும், அது பின்வாங்கிய இடங்களுக்கு வரலாற்றுக் காரணம் காட்டுவதும் நமது ஆய்வின் பொறுப்பாகும்.